மூடிய நூற்பாலையில் கிடைத்த உஸ்டர் கருவி: இந்த நிறுவனத்தின் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சோமனூர்ப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா பங்குதாரராக இருந்த நூற்பாலை உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. ஓட்டம் நின்று வெகுகாலமாகிவிட்டது. இப்போது இடத்தைக் கைமாற்றப் போகிறார்கள். ஸ்பின்னிங் ஃப்ரேம்களும் கார்டிங் இயந்திரங்களும் ஏற்கெனவே போய்விட்டன. தரச் சோதனை அறையில் உள்ள சாமான்கள்தான் மிச்சம். லீ எனப்படும் நூல் கண்டு சுற்றும் சக்கரத்தையும் நூலின் வலுப் பார்க்கும் கருவியையும் நானே அடையாளம் கண்டுகொண்டேன். புரியாதது, ஒரு மேசை நிறைய இருக்கும் சாம்பல் நிறப் பெட்டிகள்.

முதல் பெட்டியில் சீப்பு வடிவத்தில் ஓர் உலோகப் பகுதி. அதில் வரிசையாகப் பள்ளங்கள். ஒன்றைவிட அடுத்தது குறுகலாக இருக்கிறது. அதன் கீழே இரண்டு சிறிய உருளைகள். அடுத்த பெட்டியில் முள் வைத்த மீட்டர். இன்னொன்றில் காகிதச் சுருளும் பேனாவும். எல்லாவற்றிலும் 'செல்வெகர் உஸ்டர், சுவிட்சர்லாந்து' என்று தகடு பதித்திருக்கிறது. அலமாரி நிறையக் கோடு போட்ட பழைய காகிதச் சுருள்கள் கிடக்கின்றன.

எங்கள் வீட்டில் காடா வியாபாரம். நூல் வாங்கும்போது அப்பா "உஸ்டர் எவ்வளவு?" என்று கேட்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே இந்தத் தகட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இணையத்தில் தேடினால் அது தந்திக் கருவி செய்த நிறுவனம் என்று வருகிறது. தந்திக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்? எங்கோ சுவிட்சர்லாந்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் எங்கள் ஊர் நூல் பேரத்திற்குள் எப்படி வந்தது? பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கொடுத்துவிடலாமா, வைத்திருக்க வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கணபதி பட்டறைக்காரர் எழுதியது:

எடைக்குப் போட்டால் வார்ப்பிரும்பு விலைகூடத் தேறாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் தகரமும் கம்பியும்தான். அவசரப்பட வேண்டாம். கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவிநாசி சாலையில் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம்) இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். வரலாற்றைச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பல்லடம் நூல் சோதனைக்காரர் எழுதியது:

அம்மணி, அந்தப் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என் வேலைக்காலம் முழுவதும் நூற்பாலைகளின் தரச் சோதனை அறையில் கழிந்தது. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது நூலின் சீர்மையை அளக்கும் பழைய உஸ்டர் செட். கொங்கு நாட்டு நூல் உலகச் சந்தையில் தலைநிமிர்ந்து நின்றதில் அந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உஸ்டர், ஜூரிக் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1875-இல் அங்கே தந்திக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்று தொடங்கியது. ஆல்ஃபிரெட் செல்வெகரின் பெயரைத் தாங்கி அது வளர்ந்தது. தந்தியிலிருந்து தொலைபேசி, பிறகு ராணுவத்திற்கான வானொலிக் கருவிகள், மின்கம்பி வழியாகவே சமிக்ஞை அனுப்பித் தெருவிளக்குகளை ஏற்றி அணைக்கும் கருவிகள் என்று மின்னியலில் எது புதிதாக வந்ததோ அதிலெல்லாம் கை வைத்தார்கள். ஊரைச் சுற்றிலும் பஞ்சாலைகளும் நெசவாலைகளும் இருந்ததால் ஜவுளிக்கும் இயந்திரங்கள் செய்தார்கள். தறியில் தீர்ந்துபோன பாவோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைக்கும் இயந்திரம் அவற்றுள் ஒன்று. உங்கள் சோமனூர்ப் பக்கம் பாவு பிணைப்பவர்கள் விரலால் செய்யும் வேலையை அந்த இயந்திரம் செய்தது.

ஒரு பக்கம் வானொலி அறிவு, இன்னொரு பக்கம் நூல் அறிவு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் உலகத்திலேயே மிகக் குறைவு. தந்திக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. 1948-இல் அவர்கள் சீர்மைச் சோதனைக் கருவியை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டர் இன்னும் கடைக்கு வராத காலம். உள்ளே எல்லாம் பழைய வானொலிப் பெட்டியில் இருக்கும் கண்ணாடி வால்வுகள்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். நீங்கள் பார்த்த சீப்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் எதிரெதிராக இரண்டு உலோகத் தகடுகள் இருக்கின்றன. தகடுகளுக்கு நடுவே அதிக அதிர்வெண் கொண்ட மின்புலம். வெறும் காற்று இருக்கும்போது அந்த ஜோடி ஒரு குறிப்பிட்ட அளவு மின்னூட்டத்தைத் தாங்கும். இடையில் நூல் நுழைந்தால் அந்த அளவு மாறும். பஞ்சு கூடுதலாக இருந்தால் கூடுதல் மாற்றம், குறைவாக இருந்தால் குறைவான மாற்றம். கீழே இருக்கும் உருளைகள் நூலை இழுத்துக்கொண்டே இருக்க, அந்த மாற்றம் மீட்டர் முள்ளாகவும் காகிதத்தில் கோடாகவும் வெளிவரும். அகலமான பள்ளங்கள் ஸ்லைவருக்கு (தடித்த பஞ்சுத் திரி), அடுத்தவை ரோவிங்கிற்கு (அதைவிட மெலிந்த திரி), மிகக் குறுகலானவை நூலுக்கு. இந்த வகைக் கருவிகளில் நூலுக்கான தகட்டின் நீளம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் நூலை 1,25,000 துண்டுகளாக வெட்டித் தனித்தனியே எடை போட்டதற்குச் சமம். அதற்கு முன்பு உண்மையிலேயே வெட்டித்தான் எடை போட்டார்கள். அல்லது கண்ணால் பார்த்தார்கள்.

கண்ணால் பார்த்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. கறுப்புப் பலகையில் நூலை நெருக்கமாகச் சுற்றி, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, தரப் படங்களோடு ஒப்பிடுவார்கள். பார்க்கிறவர் நேர்மையானவராகவும் அனுபவசாலியாகவும் இருந்தால் அது நல்ல சோதனைதான். ஆனால் பேரம் நடக்கும் இடத்தில் பலகை யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. சந்தை இறங்கியிருக்கும் வாரத்தில் மட்டும் எங்கள் நூலில் திட்டும் திரளும் ஒரு வியாபாரியின் கண்ணுக்குத் தெரியும். பண்டலுக்கு இவ்வளவு குறைத்துக்கொள் என்பார். 'உங்கள் கண் தவறு' என்று எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது? சிறிய ஆலை முதலாளி தலையாட்டிவிட்டு வருவார். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கருவி வந்ததும் நூலுக்கு ஓர் எண் கிடைத்தது. யு% என்பது சராசரியிலிருந்து நூல் எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கு. அதை 1.25-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ சி.வி.% (மாறுபாட்டுக் கெழு) வரும். ஒரு கிலோமீட்டரில் சராசரியைவிட 50% மெலிந்த இடங்கள் எத்தனை, 50% தடித்த இடங்கள் எத்தனை, 200% தாண்டிய நெப்புகள் (சிறு பஞ்சு முடிச்சுகள்) எத்தனை என்பதையும் எண்ணிச் சொல்லிவிடும்.

இதில் ஓர் அழகான விஷயம் உண்டு. நூல் எவ்வளவு சீராக இருக்க முடியும் என்பதற்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1945-இல் மார்ட்டிண்டேல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதைக் கணக்காக எழுதினார். நூலின் குறுக்குவெட்டில் 100 இழைகள் இருந்து, அவை தம்மிஷ்டப்படி விழுந்தால், விலகல் (சி.வி.%) 10%-க்குக் கீழே இறங்காது. நம் 40-ஆம் நம்பர் நூலை எடுத்துக்கொள்ளுங்கள் (நம்பர் கூடக் கூட நூல் மெலிது). மைக்ரோனேர் (இழையின் தடிமனைக் காட்டும் அளவு) 4 உள்ள பஞ்சில் நூற்றால் குறுக்குவெட்டில் 90 சொச்சம் இழைகள்தான் இருக்கும். பருத்தி இழைகள் தமக்குள்ளேயே தடிமனில் மாறுபடுவதையும் சேர்த்தால் வரம்பு 11%-ஐ ஒட்டி வரும். எப்பேர்ப்பட்ட இயந்திரமானாலும் அதற்குக் கீழே போக முடியாது. வரம்பு 11, நம் நூல் 13 என்றால் இடையில் உள்ள 2 மட்டுமே நம் ஃபிட்டரும் நம் பராமரிப்பும் குறைக்கக்கூடிய பங்கு. இந்தத் தெளிவு கறுப்புப் பலகையில் கிடைக்காது.

உங்களிடம் உள்ள பெட்டிகளில் ஸ்பெக்ட்ரோகிராஃப் இருந்தால் அதுதான் செட்டிலேயே எனக்கு மிகப் பிடித்தது. நூலில் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் குறையை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும். சுமார் 8.5 சென்டிமீட்டரில் ஒரு கோபுரம் எழுந்தால், 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் உருளை வளைந்திருக்கிறது என்று பொருள். அதன் சுற்றளவு அவ்வளவுதான். அதே விட்டமுள்ள பின் உருளையில் கோளாறு என்றால், 30 டிராஃப்ட் (30 மடங்கு இழுவை) ஓடும் ஃப்ரேமில் அது 30 மடங்கு நீண்டு இரண்டரை மீட்டரில் தெரியும். சோதனை அறையில் உட்கார்ந்தபடியே எந்த உருளை, எந்தப் பல்சக்கரம் என்று சீட்டு எழுதி ஃபிட்டரிடம் அனுப்பலாம். அந்தக் குறை பிடிபடாமல் பனியன் துணியானால் துணி முழுக்க மரத்தின் வரிகளைப் போல அலை அலையாகத் தெரியும். சாயம் போட்ட பிறகுதான் கண்ணில் படும். அப்போது திருப்பூர்க்காரர் நூலுக்கும் சாயத்துக்கும் சேர்த்து நம்மிடம் பணம் கேட்பார்.

இனி, பெயர் பேரத்திற்குள் வந்த விதம். 1957-இல் இந்த நிறுவனம் ஒரு காரியம் செய்தது. பல நாட்டு ஆலைகளின் நூல்களை அளந்து, இந்த நம்பர் நூலுக்கு உலகத்தில் எந்த அளவு வருகிறது என்ற புள்ளிவிவரத்தை அச்சிட்டு வெளியிட்டது. அதைத்தான் உஸ்டர் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்கிறோம். 5%, 25%, 50%, 75%, 95% என்று கோடுகள். 5% கோட்டில் உங்கள் நூல் இருந்தால், உலகில் 100-இல் 5 பங்கு நூல்தான் அதற்கு நிகராகவோ மேலாகவோ இருக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் 1948-இன் கருவியைவிட 1957-இன் அந்தத் தாள்தான் பெரிய கண்டுபிடிப்பு. பல்லடத்தில் பத்தாயிரம் நூற்புக் கதிர் (ஸ்பிண்டில்) வைத்திருப்பவனும் உலகத்துப் பெரிய ஆலையும் ஒரே தாளில் இரண்டு புள்ளிகள் ஆனார்கள். வியாபாரி விலை குறைக்கச் சொன்னால் 'என் நூல் 25% கோட்டில் இருக்கிறது, இதோ பார்' என்று காகிதத்தை மேசைமேல் வைக்க முடிந்தது. உங்கள் அப்பா 'உஸ்டர் எவ்வளவு' என்று கேட்பதன் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-களில் கோன் சுற்றும்போதே குறையை வெட்டி எடுக்கும் மின்னணு கிளியரர்கள் வந்தன. 1968-இல் கிளாசிமேட் கருவி வந்தது. அது நூலில் எப்போதாவது வரும் பெரிய குறைகளை நீளம், தடிமன் வாரியாக 16 வகையாகப் பிரித்து 100 கிலோமீட்டருக்கு இத்தனை என்று சொல்லும். பிறகு லூவா நிறுவனத்தோடு சேர்ந்து செல்வெகர் லூவா ஆனது. 2003-இல் ஜவுளிக் கருவிப் பிரிவு உஸ்டர் டெக்னாலஜிஸ் என்று தனியானது. 2007-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2012-இல் ஜப்பானின் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் கைக்குப் போனது. டொயோட்டா கார் நிறுவனமே, தறி செய்யத் தொடங்கிய இந்த டொயோட்டா இண்டஸ்ட்ரீஸின் வயிற்றில் பிறந்ததுதான், ஆகவே உறவு விட்டுப் போகவில்லை.

சிங்காநல்லூர் அக்கா எழுதியது:

பல்லடத்து அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. நான் சோதனை அறையில் கருவியை ஓட்டியவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அந்தக் கருவிக்கு ஈரம் ஆகாது. தண்ணீரின் மின்காப்பு மாறிலி (தகடுகள் தாங்கும் மின்னூட்டத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) ஏறக்குறைய 80. காய்ந்த பஞ்சுக்கு அதில் மிகச் சிறு பங்குதான். நூலில் ஈரம் ஏறினால் கருவி அதையும் பஞ்சு என்றே எண்ணிக்கொள்ளும். அதனால் அறை 27 டிகிரியிலும் 65% ஈரப்பதத்திலும் இருக்க வேண்டும். காப்ஸ்களை, அதாவது நூல் சுற்றிய குழல்களை, முந்தைய நாளே கொண்டுவந்து அறையில் வைத்துப் பழக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நூற்புக்கு நல்லது என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். ஆடி மாதத்தில் அந்தக் காற்று அறைக்குள் புகாமல் கதவைக் காப்பது பெரும்பாடு. "கதவைச் சாத்துங்கள்" என்று சூப்பர்வைசரிடம் சத்தம் போடும் உரிமை எங்களுக்கு இருந்தது. ஆலை முழுவதிலும் ஒரு பெண் குரல் உயர்த்திப் பேசி, ஆண்கள் கேட்டு நடந்த இடம் அந்த ஓர் அறைதான்.

இன்னொன்று, அந்தக் கருவிக்கு நிறம் தெரியாது. மின்புலத்துக்குச் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் ஒன்றே. பருத்தி மூட்டையிலிருந்து வரும் பிளாஸ்டிக் இழை, சணல், தலைமுடி எல்லாம் மெலிதாக இருந்தால் நூலுக்குள் புகுந்து கருவியிடம் சிக்காமல் தப்பித்துவிடும். வெள்ளை பனியனில் ஒரு நீல இழை வந்தால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும். ஆகவே பஞ்சு மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். தூசியிலும் வெக்கையிலும் செய்யும் வேலை அது. நிறம் காணும் ஒளி உணரிகள் பிற்பாடு கிளியரர்களில் வந்தன. உஸ்டரின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அந்தக் கருவி பார்க்காததைப் பார்த்த கண்களையும் எழுத வேண்டும்.

எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது, அண்ணா. அளவுகோலை விற்கிறவரே தரவரிசையையும் வெளியிடுவது சரிதானா? ஸ்டாடிஸ்டிக்ஸ் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் கோடு இறங்கும். நேற்று 25% என்றிருந்த நூல் இன்று 50% ஆகிவிடும். நூல் மாறவில்லை, தாள்தான் மாறியது. வாங்குகிறவர் உடனே விலையைப் பிடிப்பார். புதுக் கருவி வாங்க முடியாத ஆலை என்ன செய்யும்?

ஜூரிக்கில் இருக்கும் கோபிக்காரன் எழுதியது:

நான் உஸ்டருக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில் குடியிருக்கிறேன். ஜூரிக் மாநிலத்தில் ஜூரிக், வின்டர்தூருக்கு அடுத்த மூன்றாவது பெரிய ஊர் அது. பெஃபிகோன் ஏரியிலிருந்து கிரைஃபன் ஏரிக்கு இறங்கும் ஆபாக் என்ற ஓடை ஊர் வழியே போகிறது. நம் கோபி வாய்க்கால் அளவுதான் இருக்கும். ஆனால் அதன் கரை நெடுகப் பழைய பஞ்சாலைக் கட்டடங்கள். தண்ணீர் விழும் இடமெல்லாம் சக்கரம் வைத்து ஆலை ஓட்டியிருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1832 நவம்பர் 22-ஆம் தேதி, சுற்றுவட்டாரக் கைநெசவாளர்கள் திரண்டு வந்து ஓபர் உஸ்டரில் இருந்த இயந்திர நெசவாலையைக் கொளுத்திவிட்டார்கள். விசைத்தறி வந்தால் வீட்டுத் தறி நின்றுவிடும் என்ற பயம். அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நாளில், நகரத்தாருக்கு இருக்கும் அரசியல் உரிமை கிராமத்தாருக்கும் வேண்டும் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் உஸ்டரில் கூடினார்கள். அந்த நாளை நினைவுகூரக் கூடியபோதுதான் தீ வைப்பு நடந்தது. சென்னிமலையிலும் பவானியிலும் கைத்தறிக்காரர்கள் பட்ட பாட்டைத் தெரிந்த நமக்கு அந்த நெசவாளர்களின் பயம் அந்நியமாகத் தோன்றாது. ஜவுளிக் கருவிகளுக்குப் பேர்போன நிறுவனம் அதே ஊரில் முளைத்தது.

கோவைக்கும் இந்த மாநிலத்துக்கும் வேறொரு உறவும் உண்டு. 1962-இல் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்ப உதவி செய்த ரீட்டர், வின்டர்தூரைச் சேர்ந்தது. 1795-இலிருந்து இருக்கும் நிறுவனம். நூற்கும் இயந்திரமும் நூலை அளக்கும் கருவியும் ஒரே மாநிலத்திலிருந்து நம் ஊருக்கு வந்திருக்கின்றன.

பல்லடம் நூல் சோதனைக்காரர் எழுதியது:

கோபித் தம்பிக்கு நன்றி. 1832-இன் கதை எனக்குப் புதிது.

சிங்காநல்லூர்த் தங்கையின் கேள்வி நியாயமானது. என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

அந்தத் தாள் ஒரு கணக்கெடுப்பு. இதற்குக் கீழே இருந்தால் தேர்ச்சி, மேலே இருந்தால் தோல்வி என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. உலகத்து ஆலைகள் மேம்பட மேம்பட 50% கோடு இறங்குவது கணக்கின் இயல்பு. அதைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக மாற்றியவர்கள் வாங்குகிறவர்கள். கரூரில் வீட்டுத் துணிக்குப் போகும் நூலுக்கும், சென்னிமலைப் பெட்ஷீட்டுக்குப் போகும் நூலுக்கும், திருப்பூரில் மெல்லிய பனியனுக்குப் போகும் நூலுக்கும் ஒரே 5% கோட்டைக் கேட்பது அநியாயம். பெட்ஷீட்டுக்கு வலுவும் சாயம் பிடிக்கும் தன்மையும் வேண்டும். நெப்பு நான்கு கூடினால் குடிமுழுகாது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசும் தெம்பு எல்லா ஆலைகளுக்கும் இருக்கவில்லை. அந்த இடத்தில் தங்கையின் குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அளவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், நம் ஊர் அதற்கு விட்டுவிடவில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் முதல் ஆலை வைத்தார். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. அந்த ஆலைகள் சேர்ந்து 1956-இல் சிட்ராவை உண்டாக்கின. வெளிநாட்டுக் கருவி வாங்க இறக்குமதி உரிமம் வேண்டிய காலத்தில், சொந்தமாக வாங்க முடியாத சிறு ஆலைகள் காப்ஸ்களைப் பெட்டியில் போட்டு அங்கேதான் சோதனைக்கு அனுப்பின. சிட்ரா நம் ஆலைகளின் நிலைமைக்கேற்பத் தனியாக நெறியளவுகள் வகுத்தது. நம் பருத்தி, நம் வெப்பம், நம் இயந்திரம் ஆகியவற்றை வைத்து எது நியாயமான எதிர்பார்ப்பு என்று அதைக் காட்டிப் பேச முடிந்தது.

பிறகு கோவையிலேயே கருவி செய்பவர்கள் வந்தார்கள். பிரீமியர், ஸ்டேடெக்ஸ், மேக் என்று எந்தச் சோதனை அறைக்குள் போனாலும் நம் ஊர்த் தகடுகளைப் பார்க்கலாம். பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து பழகிய ஊருக்கு மின்னணுவும் வசப்பட்டது. வால்வு வெடித்தால் ஜூரிக்குக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த காலம் போய், பழுது என்றால் அன்றைக்கே ஆள் வரும் நிலை வந்தது. ஒரு தொழில் ஓர் ஊரில் வேரூன்றியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அம்மணி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பின்வருவனவற்றைக் கட்டாயம் பாருங்கள். மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். பழைய மின்தேக்கிகள் காய்ந்திருக்கும், போட்டதும் புகையும். பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். அளக்கும் பெட்டி, யு% கணக்கிடும் இன்டெக்ரேட்டர், நெப்பு எண்ணும் பெட்டி, ஸ்பெக்ட்ரோகிராஃப், பேனாக் கருவி எல்லாம் சேர்ந்ததுதான் செட். பின்னால் தடித்த கேபிள்கள் இருக்கும். செப்புக்கு ஆசைப்பட்டு முதலில் அவற்றைத்தான் வெட்டுவார்கள். சீப்பின் பள்ளங்களில் கம்பியோ ஊசியோ விட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம், மெல்லிய தூரிகை போதும். தகட்டில் உள்ள மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.

காகிதச் சுருள்களைக் கருவியைவிடப் பத்திரமாக வையுங்கள். அவற்றின் ஓரத்தில் தேதி, ஃப்ரேம் எண், கவுண்ட் (நூல் நம்பர்), கலவை எல்லாம் பென்சிலால் எழுதியிருப்பார்கள். எந்தப் பருத்தி எந்த ஆண்டில் எப்படி நூற்றது என்ற பதிவு நம் ஆலைகளில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. உங்கள் பெரியப்பா ஆலையில் எம்.சி.யு. 5, சுவின் ஓட்டியிருந்தால் அந்தச் சுருள்களைப் பருத்தி ஆராய்ச்சிக்காரர்களே கேட்டு வாங்குவார்கள். இரண்டும் கோவையில் உருவான ரகங்கள்.

சோமனூர்ப் பெண் எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. இரும்புக்காரரிடம் சோதனை அறையைத் தொட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இன்று சில சுருள்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே ஓரத்தில் பென்சில் எழுத்து இருக்கிறது. பெரும்பாலும் '40 கோம்டு' என்றும் '60' என்றும் இருக்கிறது. சிலவற்றில் 'எம்.சி.யு.' என்று தெரிகிறது, அதற்குப் பின்னால் உள்ள எண் மங்கிவிட்டது. ஒரு சுருளில் கோபுரம் போல் எழுந்த இடத்தை வட்டமிட்டு, 'முன் உருளை, 14-ஆம் ஃப்ரேம், இடப்பக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். இன்டெக்ரேட்டர் என்பது முள் வைத்த பெட்டிதானா? கேபிள்கள் நான்கு இருக்கின்றன, ஐந்தாவதற்கான துளை காலியாக இருக்கிறது.

பல்லடம் நூல் சோதனைக்காரர் எழுதியது:

முள் வைத்தது இன்டெக்ரேட்டராகவும் இருக்கலாம், அளக்கும் பெட்டியின் மீட்டராகவும் இருக்கலாம். முன்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஐந்தாவது கேபிளை மேசை இழுப்பறையில் தேடுங்கள். சுத்தம் செய்யும்போது கழற்றி அங்கேதான் போடுவோம். சுருள்களை வெயிலில் விரிக்க வேண்டாம், மை பறந்துவிடும்.